பெய்ரோனி நோய்க்கான மருந்துவழிச் சிகிச்சைகள்

பிறவியிலன்றி இடையில் தோன்றும் ஆண்குறி வளைவு பெய்ரோனி நோய் எனப்படும். பிரெஞ்சு அறுவை மருத்துவர் பிரான்சுவா டி லா பெய்ரோனி 1743இல் இதனை விளக்கியமையால் இப்பெயர் பெற்றது. விறைப்புத் திசுவைப் போர்த்தியுள்ள உறையில் கொலாஜன் மிகுந்து தழும்பாகிறது; தழும்புள்ள பக்கம் நீளாமையால் விறைப்பின்போது உறுப்பு அப்பக்கம் வளைகிறது.

வைட்டமின் ஈ 1940களிலிருந்தே இதற்கு வழங்கப்படுகிறது. விலை மலிவும் தீங்கின்மையுமே அதன் நீடித்த செல்வாக்கிற்குக் காரணம் எனலாம். ஆயினும் வைட்டமின் ஈ, தமாக்சிபென், ஒமேகா-3 ஆகியவற்றை வழங்கலாகாது என்று அமெரிக்கச் சிறுநீரியல் சங்கத்தின் 2015ஆம் ஆண்டு நெறிமுறை கூறுகிறது. தொடக்கநிலை வலிக்கு அழற்சி தணிக்கும் மாத்திரைகள் போதும்.

தழும்பினுள்ளேயே செலுத்தப்படும் ஊசிமருந்துகளின் நிலை வேறு. வெராப்பமில், இன்டர்பெரான் ஆகியனவும் பயன்படுகின்றன. எனினும் வலுவான சான்றுடையது கொலாஜனைச் சிதைக்கும் கொலாஜனேஸ் நொதியே. தழும்பு கைக்குத் தட்டுப்பட்டு, வளைவு 30 பாகையோ அதற்கு மேலோ இருப்பவர்க்கு இம்மருந்தை வழங்க அமெரிக்க அரசு 2013இல் ஒப்புதல் அளித்தது. இரு பெரும் ஆய்வுகளை ஒருங்கே நோக்கின், இந்நொதி பெற்றோர்க்கு வளைவு சராசரியாக 34 விழுக்காடு குறைந்தது. மருந்துப்போலி பெற்றோர்க்கும் 18 விழுக்காடு குறைந்தது. இரு குழுவினருமே உறுப்பைக் கையால் நீட்டி நிமிர்த்தும் பயிற்சி செய்தனர் என்பது கருதத்தக்கது. ஒப்பீட்டுக் குழுவின்றி ஒரு மருந்தைப் பரிந்துரைக்கும் கட்டுரைகளை இந்த 18 விழுக்காட்டை மனத்திற்கொண்டே படித்தல் வேண்டும்.

மேலும், இக்கணக்கின்படி 60 பாகை வளைவு ஏறத்தாழ 40 பாகையாகுமேயன்றி முற்றிலும் நேராகாது. அரிதாக உறை கிழிந்து உடனடி அறுவை தேவைப்படலாம். ஆதலின் ஊசிக்குப்பின் சில வாரங்கள் உடலுறவு விலக்கப்படுகிறது.