ஒரு ஓட்டில் தோற்றவரின் வீடு

கல்லூரி மாணவர் தலைவர் தேர்தலில் ஒரே ஒரு ஓட்டில் தோற்றார் ஜூலியன் சமோரா. அந்த ஒரு ஓட்டைப் போட மறுத்தவர் அவருடைய அறைத்தோழர். மெக்சிகோக்காரனுக்கு ஓட்டுப் போட மனம் வரவில்லையாம். இதைச் சமோராவே பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

கூடப் படிக்கலாம், கூட உட்கார்ந்து சாப்பிடலாம், தலைவனாக மட்டும் ஏற்க முடியாது என்கிற நட்பு நமக்குப் புதிதல்ல. ஊர்ப் பெயரைக் கேட்டுவிட்டு, அடுத்துத் தெருப் பெயரையும் கேட்கும் தோழர்களோடு விடுதியில் இருந்தவர்கள்தானே நாம். கொலம்பியாவில் படித்த அண்ணல் அம்பேத்கருக்கு நவல் பதேனா என்ற பார்சி நண்பர் கிடைத்தார். அந்த நட்பு கடைசிவரை நீடித்தது. எல்லோருக்கும் அப்படி வாய்ப்பதில்லை.

சமோரா 1920-ல் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் பிறந்தவர். 1953-ல் முனைவர் பட்டம் பெற்றார். சமூகவியல், மானிடவியல் துறையில் அதைப் பெற்ற முதல் மெக்சிகோ அமெரிக்கர் அவர். 1959-ல் இண்டியானா மாநிலத்தின் நோட்ர டாம் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். அங்கே 1971-ல் மெக்சிகோ அமெரிக்க மாணவர்களுக்கென்று ஒரு பட்டமேற்படிப்புத் திட்டத்தைத் தொடங்கினார். ஃபோர்டு அறக்கட்டளை பணம் தந்தது. 1985 வரை ஐம்பதுக்கும் மேற்பட்டோர் அதில் படித்தார்கள்.

உதவித்தொகை வந்துவிட்டால் போதுமா? வெயில் ஊர்ப் பிள்ளைகளுக்கு இண்டியானாவின் பனி புதிது. வகுப்பில் தன் முகச்சாடையில் இன்னொருவர் இருக்கமாட்டார். வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த ஆள் இல்லாததால், ஆய்வேடு என்றால் என்னவென்று அம்மாவிடம் சொல்லிப் புரியவைக்கவும் முடியாது. 'சலுகையில் வந்தவர்' என்ற முணுமுணுப்பு வேறு. மொழியிலும் காயம் உண்டு. பள்ளியில் ஸ்பானிஷ் பேசியதற்காக விரல் முட்டியில் அடி வாங்கியதை டெக்சாஸ் எழுத்தாளர் குளோரியா அன்சால்துவா எழுதியிருக்கிறார். அப்படிப்பட்ட பள்ளிகளைத் தாண்டித்தான் அந்தத் தலைமுறை பல்கலைக்கழகத்துக்கு வந்தது. பாடம் புரியாமல் படிப்பை விடுகிறவர்களைவிட, பேச ஆள் இல்லாமல் பெட்டியைக் கட்டுகிறவர்களே அதிகம் என்பது நம் அனுபவம்.

சமோராவும் அவர் மனைவி பெட்டியும் இதற்குத் தங்கள் வீட்டையே திறந்து வைத்தார்கள். மாணவர்கள் அங்கே கூடினார்கள், சாப்பிட்டார்கள், வாதாடினார்கள். தனித்தனியாக வந்தவர்கள் ஒருவர் கட்டுரையை ஒருவர் படித்துத் திருத்தும் கூட்டமானார்கள். ஊர் ஞாபகம் வந்தால் ஸ்பானிஷில் பேச அங்கே ஆள் இருந்தது. தடுக்க யாரும் இல்லை. ஆய்வு நெறியாளர் வீட்டு நாற்காலியில் உட்காரவே தயங்கி நிற்கும் நம் பிள்ளைகளுக்கு, இதன் அருமை சொல்லாமலே புரியும்.

1996-ல் சமோரா காலமானார். அந்த வீட்டில் சாப்பிட்ட மாணவர்களில் பலர் பின்னாளில் பேராசிரியர்களாகவும் வழக்கறிஞர்களாகவும் ஆனார்கள். அவர்கள் ஒன்றுகூடி அவரைப் பற்றியும் பெட்டியைப் பற்றியும் எழுதிய நூல் 2009-ல் வெளிவந்தது.