எழுத்து சரி, பக்கம்தான் ஒட்டிக்கொண்டது

தாமிரபரணி கடலில் கலக்கும் புன்னைக்காயலில், 1586-இல் ‘அடியார் வரலாறு’ அச்சேறியது என்பார்கள். அந்தப் புத்தகத்தில் எழுத்தெல்லாம் சரியாக இருந்தும், நடுவே இரண்டு பக்கங்கள் பசையில் ஒட்டிக்கொண்டால் எப்படிப் படிப்பது? பெருங்குடல் புற்றுநோயில் நடப்பவற்றில் இதுவும் ஒன்று.

மரபணுவில் எழுத்து பிசகினால் புற்றுநோய் வரலாம் என்பது தெரிந்ததே. பிசகாமலும் வரலாம். டி.என்.ஏ.மீது மெத்தில் என்ற சிறு வேதிக்குழு அளவுக்கு மீறி ஒட்டிக்கொண்டால் அந்த மரபணு வேலை செய்யாது. அப்படி முடங்குபவற்றில் மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களும் அடக்கம். ஏறக்குறைய 22 எழுத்து நீளமே கொண்ட இந்தத் துணுக்குகள் புரதம் எதையும் உண்டாக்குவதில்லை. மற்ற மரபணுக்கள் புரதம் செய்வதை மட்டுப்படுத்துகின்றன. 1993-இல் இவற்றை ஒரு மில்லிமீட்டர் புழுவில் கண்டறிந்ததற்காக விக்டர் ஆம்புரோஸுக்கும் கேரி ரவ்கனுக்கும் 2024-இல் நோபல் பரிசு கிடைத்தது.

2007-இல் ஸ்பெயினைச் சேர்ந்த மானெல் எஸ்டெல்லரின் குழு, மெத்தில் ஒட்டும் இரண்டு நொதிகள் நீக்கப்பட்ட பெருங்குடல் புற்றுச் செல்களை ஆராய்ந்தது. அடங்கிக் கிடந்த மிர்-124ஏ என்ற மைக்ரோ ஆர்.என்.ஏ. அவற்றில் மீண்டும் தலைதூக்கியிருந்தது. செல் பிரிவதை முடுக்கும் சி.டி.கே-6 புரதத்துக்குக் கடிவாளம் போடுவது இதுதான். ஆக, பசை இளகும். ஆனாலும் மெத்திலைக் குறைக்கும் அசாசிடிடின் மருந்து இன்றைக்கு ரத்த நோய்களுக்குத்தான் உதவுகிறது.

வேறு சில மைக்ரோ ஆர்.என்.ஏ.க்கள் எல்லை மீறிப் பெருகிக் கட்டியை வளர்க்கும். மிர்-17-92 கூட்டம் அந்த ரகம். ஆஸ்திரேலியாவில் 23 பேருக்கு நான்கு வாரம், தினமும் 300 கிராம் சிவப்பு இறைச்சி கொடுத்துப் பார்த்தார்கள். மலக்குடல் திசுவில் இந்தக் கூட்டத்தின் அளவு ஏறியது. அதே இறைச்சியுடன் பியூட்டிரேட் ஏற்றிய, எளிதில் செரிக்காத மாவுச்சத்து 40 கிராம் சேர்த்தபோது பழைய நிலைக்கே இறங்கியது. நார்ச்சத்தைத் தின்னும் குடல் பாக்டீரியாக்கள் தாமாகவே உண்டாக்கும் பொருள்தான் பியூட்டிரேட். டி.என்.ஏ. சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் புரதங்களின் வேதிக்குறிகளை அது மாற்றுகிறது.

ஆறிய சோற்றிலும் அத்தகைய மாவுச்சத்து கொஞ்சம் உண்டு. அதற்காக, பழைய சோறும் சாளைக் கருவாடும் புற்றுநோயை விரட்டும் என்று வாட்ஸ்அப்பில் கிளப்பிவிடாதீர்கள். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி பழைய சோற்றை ஆய்வுக்கு எடுத்தது குடல் அழற்சி நோய்களுக்காக.

மெத்தில் குறிகளை மலத்தில் தேடிப் புற்றுநோயை அறியும் சோதனைக்கு அமெரிக்கா 2014-இல் அனுமதி தந்தது. நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. மலத்தில் ரத்தம் தெரிந்தால் ‘மூலம்தான்’ என்று நீங்களே முடிவுகட்டி நாட்டு மருந்து தேடாமல், அந்த வாரமே மருத்துவரிடம் காட்டுங்கள்.