கதிர்வீச்சும் கடைமடை உயிரணுக்களும்

எங்கள் ஊரில் அதைக் 'கரண்ட் வைப்பது' என்பார்கள். சென்ற ஆண்டு என் பெரியம்மாவுக்குக் கருப்பை வாயில் புற்றுநோய் கண்டது. ஐந்து வாரம், வாரத்திற்கு ஐந்து நாள், பஸ் ஏறிப் போய்க் கதிர்வீச்சு பெற்று வரவேண்டும் என்றார்கள். இரண்டாம் வாரத்தில் பெரியம்மா, "எல்லாத்தையும் ஒரே நாள்ல வச்சு அனுப்பினா என்ன? நீதான் காலேசுல படிக்கிறியே, சொல்லுப்பா" என்றார். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். விடை தெரியாமல் விழித்தேன். பின்னர் நூலகத்தில் தேடி அறிந்ததை இங்கே தருகிறேன்.

முதலில், அது மின்சாரம் அன்று. எக்ஸ் கதிர் அல்லது காமாக் கதிர். உயிரணுவில் பெரும்பகுதி நீர். கதிர் பட்டதும் நீர் மூலக்கூறுகள் சிதைந்து, வேதியியலில் நாம் படிக்கும் தனி உறுப்புகள் தோன்றுகின்றன. அவை டி.என்.ஏ. இழையைத் தாக்குகின்றன. அந்தக் காயம் உடனே ஆறிவிடவும் கூடும். ஆனால் பிராணவாயு அருகிலிருந்தால், காயம்பட்ட இடத்தில் சேர்ந்து அதை நிலையாக்கிவிடும். எனவே பிராணவாயு இல்லாத உயிரணுவைக் கொல்ல, சுமார் இரண்டரை முதல் மூன்று மடங்கு கதிர் தேவை.

புற்றுக்கட்டியோ, இரத்தக் குழாய்கள் ஈடுகொடுக்க முடியாத வேகத்தில் வளர்கிறது. தலைமடை வயல்கள் குடித்தபின் கடைமடைக்குத் தண்ணீர் எட்டாததுபோல, குழாய்க்கு அருகிலுள்ள உயிரணுக்களே பிராணவாயுவைத் தீர்த்துவிடுகின்றன. 1955இல் இங்கிலாந்தில் தாம்லின்சன், கிரே என்னும் இருவர் நுரையீரல் புற்றுக்கட்டிகளை ஆராய்ந்து, குழாயிலிருந்து சுமார் 0.2 மில்லிமீட்டருக்கு அப்பால் உயிரணுக்கள் மடிந்திருப்பதைக் கண்டனர். உயிருள்ள பகுதிக்கும் மடிந்த பகுதிக்கும் நடுவே, மூச்சுத்திணறியபடி வாழும் உயிரணுக்களே கதிருக்கு எளிதில் அடங்காதவை. கதிரளவின் அலகுக்கு 1975இல் 'கிரே' என்று பெயரிட்டது அந்த அறிஞரின் நினைவாகத்தான்.

இனிப் பெரியம்மாவின் கேள்விக்கு வருவோம். ஒவ்வொரு நாளும் தரும் சிறு அளவுக் கதிர், முதலில் தலைமடை உயிரணுக்களை அழிக்கிறது. அவை குடித்துவந்த பிராணவாயு இப்போது கடைமடைக்குப் பாய்கிறது. மூச்சு கிடைத்த உயிரணுக்கள் அடுத்தடுத்த நாட்களின் கதிருக்கு இரையாகின்றன. இடைவேளையில் நல்ல திசுக்களும் தம்மைச் சரிசெய்துகொள்கின்றன. நடுவில் நாள் தவறினால், எஞ்சிய புற்றணுக்கள் பெருக வாய்ப்புண்டு.

பிராணவாயுவைச் சுமப்பது ஈமோகுளோபின். இரத்தசோகை இருந்தால் பிராணவாயு குறையும். புகைப்போரின் ஈமோகுளோபினில் கார்பன் மோனாக்சைடு இடம் பிடித்துக்கொள்ளும். டென்மார்க்கில் தலை, கழுத்துப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சுடன் நிமோரசோல் என்ற மருந்தும் தருகிறார்கள். பிராணவாயுவின் வேலையை அது ஓரளவு செய்கிறது.

இவ்வளவையும் வாய்க்கால் கணக்காகவே பெரியம்மாவுக்குச் சொன்னேன். "அப்ப கடைமடைக்குத் தண்ணி வர்ற வரைக்கும் மொற வச்சுத்தான் பாய்ச்சணும்" என்றார். கூலி போகிறதே என்று அதுவரை இரண்டு நாள் போகாதிருந்தவர், அதன்பின் ஒரு நாளும் தவறவில்லை.

நண்பர்களே, நாம் படிப்பதை வீட்டார் மொழியில் சொல்லிப் பார்ப்போம். அதற்காகக் காத்திருப்பவர்கள் நம் வீட்டிலேயே இருக்கிறார்கள்.