சொந்தமாக மெயில் சர்வர் நடத்தலாமா? மென்பொருள் இலவசம்தான், சவால் வேறு இடத்தில்

2025 ஜூலையில், நயாரா எனர்ஜி நிறுவனத்துக்கு அதன் அலுவலக மெயில் திடீரென நின்றுபோனது. குஜராத்தின் வாடினாரில் நாட்டின் மிகப் பெரிய எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளில் ஒன்றை நடத்தும் நிறுவனம் அது. ரஷ்யாவின் ரோஸ்நெஃப்ட் அதில் 49.13 சதவீதப் பங்கு வைத்திருக்கிறது. ஜூலை 18 அன்று ஐரோப்பிய ஒன்றியம் நயாரா மீது தடை விதிக்க, அதைத் தொடர்ந்து மைக்ரோசாஃப்ட் தன் சேவைகளை நிறுத்தியது. கட்டணம் கட்டியிருந்தும் எங்கள் தரவை எங்களாலேயே பார்க்க முடியவில்லை என்று நயாரா டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. ஜூலை முடிவதற்குள் சேவை திரும்பியது.

உங்கள் கம்பெனி மீது யாரும் சர்வதேசத் தடை போடப் போவதில்லை. ஆனால் கேள்வி உங்களுக்கும் பொருந்தும். உங்கள் மெயிலின் சாவி யாரிடம் இருக்கிறது? அதை நாமே வைத்துக்கொள்ள முடியாதா?

முடியும். எதற்கெல்லாம் தயாராக இருக்க வேண்டும் என்பதை முதலில் பார்த்துவிடலாம்.

ஒரு மெயில் சர்வருக்குள் என்ன இருக்கிறது?

வாட்ஸ்அப் போல மின்னஞ்சல் ஒரே கம்பெனிக்குச் சொந்தமானது அல்ல. 1982-இல் வெளியான எஸ்எம்டிபி என்ற பொது விதிமுறையில்தான் அது இன்றும் ஓடுகிறது. அந்த விதியைப் பின்பற்றும் எந்த சர்வரும் ஜிமெயிலுக்குக் கடிதம் அனுப்பலாம்.

இதற்குத் தேவையான கட்டற்ற மென்பொருள்கள் பல வருடங்களாகப் புழக்கத்தில் இருப்பவை. கடிதங்களை வாங்கி அனுப்பும் தபால் நிலைய வேலையை போஸ்ட்ஃபிக்ஸ் செய்கிறது. ஐபிஎம்மில் இருந்தபோது வீட்ஸ வெனெமா எழுதி, 1998-இல் வெளியானது. வந்த கடிதங்களைப் பெட்டியில் வைத்து, உங்கள் போனுக்குக் கொடுப்பது டவ்காட். ஸ்பேமை வடிகட்ட ஆர்ஸ்பாம்டி, பிரவுசரில் மெயில் படிக்க ரவுண்ட்கியூப். இப்படிப்பட்டவற்றை மொத்தமாகக் கட்டித் தரும் மெயில்கௌ, மெயில்-இன்-எ-பாக்ஸ் போன்ற தொகுப்புகளும் உண்டு. லினக்ஸ் பழகியவருக்கு நிறுவுவது ஒரு நாள் வேலை.

அப்போ சிக்கல் எங்கே?

மெயில் அனுப்புவது சுலபம். அது இன்பாக்ஸில் போய்ச் சேருவதுதான் கஷ்டம்.

அனுப்புபவர் உண்மையில் அவர்தானா என்று அந்தப் பழைய விதி சோதிப்பதில்லை. அதனால் பின்னாளில் மூன்று சோதனைகள் வந்தன. மூன்றுக்கும் உங்கள் டொமைனின் டிஎன்எஸ்ஸில் பதிவு சேர்க்க வேண்டும். எந்த சர்வர்கள் என் பெயரில் அனுப்பலாம் என்று சொல்வது எஸ்பிஎஃப். ஒவ்வொரு மெயிலிலும் டிஜிட்டல் முத்திரை குத்துவது டிகிம். சோதனையில் தோற்ற மெயிலை என்ன செய்வது என்று எதிர்முனைக்குச் சொல்வது டிமார்க்.

2024 பிப்ரவரி முதல் ஜிமெயில் இதைக் கட்டாயமாக்கியது. ஜிமெயில் முகவரிகளுக்கு ஒரு நாளைக்கு 5,000 மெயில்களுக்கு மேல் அனுப்பினால் மூன்றும் வேண்டும். குறைவாக அனுப்பினாலும் எஸ்பிஎஃப், டிகிம் இரண்டில் ஒன்றாவது இருக்க வேண்டும். யாஹூவும் இதே போன்ற விதிகளைக் கொண்டுவந்தது.

இவை எல்லாம் சரியாக இருந்தாலும் ஐபி முகவரியின் பெயர் கெட்டிருக்கலாம். மலிவு கிளவுடில் உங்களுக்குக் கிடைத்த ஐபி, முன்பு ஸ்பேம் அனுப்பியவரிடம் இருந்ததாக இருந்தால்? முந்தைய குடித்தனக்காரர் ஊரெல்லாம் கடன் வைத்துவிட்டுப் போன வீட்டுக்கு நீங்கள் குடிபோன மாதிரிதான். உங்கள் கொட்டேஷன் வாடிக்கையாளரின் ஸ்பேம் பெட்டியில் கிடக்கும். உங்களுக்குத் தெரியவே தெரியாது. தவிர, மெயில் அனுப்பத் தேவையான 25-ஆம் போர்ட்டை அமேசான், கூகுள் கிளவுடுகள் இயல்பாகவே அடைத்து வைத்திருக்கின்றன.

ராத்திரி 2 மணிக்கு யார் பார்ப்பது?

டிஸ்க் நிரம்பினால், சான்றிதழ் காலாவதியானால், பாதுகாப்பு அப்டேட் வந்தால் நீங்கள்தான் பார்க்க வேண்டும். ஓர் ஆறுதல்: சர்வர் சில மணி நேரம் படுத்துவிட்டாலும் மெயில் பொதுவாகத் தொலையாது. அனுப்பும் சர்வர்கள் 4, 5 நாட்கள் வரை திரும்பத் திரும்ப முயல வேண்டும் என்பதே விதி.

சட்டப் பொறுப்பும் உண்டு. செர்ட்-இன் 2022 ஏப்ரலில் வெளியிட்ட உத்தரவுப்படி, சர்வர் லாக்குகளை 180 நாட்கள் சேமிக்க வேண்டும். சைபர் தாக்குதல் தெரியவந்தால் 6 மணி நேரத்துக்குள் அறிக்கை தர வேண்டும்.

ஆள்பலம் இருந்தால் இது பெரிய அளவிலும் நடக்கும். ஜெர்மனியின் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநில அரசு 40,000-க்கும் மேற்பட்ட மெயில் பெட்டிகளை மைக்ரோசாஃப்டிலிருந்து ஓபன்-எக்ஸ்சேஞ்ச், தண்டர்பேர்ட் என்ற திறந்த மூல மென்பொருள்களுக்கு மாற்றியது. 2025 அக்டோபரில் அந்த வேலை முடிந்தது.

நீங்கள் என்ன செய்யலாம்?

5 பேர் கொண்ட ஸ்டார்ட்அப்புக்கு முழு சர்வரும் பெரும்பாலும் தேவையில்லை. எப்போது வேண்டுமானாலும் இடம் மாறும் உரிமைதான் தேவை.

• கம்பெனி மெயில் சொந்த டொமைனில் இருக்கட்டும். சேவை பிடிக்காவிட்டால் டிஎன்எஸ் பதிவை மாற்றி வேறு இடத்துக்குப் போகலாம், முகவரி மாறாது.

• ஐமேப்சிங்க் போன்ற கட்டற்ற கருவியால் மெயில்களை வேறொரு சர்வருக்கு அவ்வப்போது நகலெடுத்து வையுங்கள். கணக்கு முடங்கிய பிறகு எடுக்க முடியாது.

• சர்வர் நடத்தியே பார்க்க ஆசையா? முக்கியமில்லாத டொமைனில் தொடங்குங்கள். டிமார்க்கை முதலில் கண்காணிப்பு நிலையில் மட்டும் வைத்து, வரும் அறிக்கைகளைப் படித்த பிறகு இறுக்குங்கள்.

• நடுவழியும் உண்டு. மெயில்களைப் பெறுவதும் சேமிப்பதும் உங்கள் சர்வரில். அனுப்புவதை மட்டும் ஒரு ரிலே சேவையிடம் விடலாம்.

இதில் எதைத் தேர்ந்தெடுத்தாலும், உங்கள் டொமைன் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள். வேலையை விட்டுப்போன டெவலப்பரின் சொந்தக் கணக்கில் இருந்தால், சர்வர் பற்றி யோசிக்கும் முன் அதை மாற்றுங்கள்.