மாலுமிக்காகப் பேசப்போன வாத்தியார்

1904 அக்டோபர் 20. ஆஸ்திரியா-ஹங்கேரிப் பேரரசின் துறைமுக நகரமான ட்ரியஸ்டேயில் ஒரு ஜோடி ரயிலை விட்டு இறங்கியது. அந்த ஆணுக்கு 22 வயது, பெண்ணுக்கு 20. கல்யாணம் ஆகாமல் டப்ளினைவிட்டுக் கிளம்பி வந்தவர்கள். பெர்லிட்ஸ் மொழிப் பள்ளியில் ஆங்கில வாத்தியார் வேலை காத்திருக்கிறது என்ற பேச்சை நம்பி முதலில் சூரிச்சுக்குப் போனார்கள். அங்கே இடம் காலியில்லை; ட்ரியஸ்டேயில் கேட்டுப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அந்த இளைஞர், எழுத்தாளர் ஜேம்ஸ் ஜாய்ஸ். கூட வந்தவர் நோரா பார்னக்கிள்.

ஸ்டேஷன் பக்கத்துப் பூங்காவில் நோராவை உட்காரவைத்துவிட்டு ஜாய்ஸ் ஊருக்குள் நடந்தார். ஒரு பக்கம் கடலைப் பார்த்துத் திறந்திருக்கும் பெரிய சதுக்கத்தில் ஆங்கில மாலுமிகள் மூன்று பேர் குடிபோதையில் நின்றிருந்தார்கள். அவர்களோடு பேச்சுக் கொடுத்தார். தகராறு மூண்டது, போலீஸ் வந்தது. இத்தாலிய மொழி தெரிந்த ஜாய்ஸ் நடுவில் புகுந்து சமாதானம் பேசப் பார்த்தார். போலீஸ் அவரையும் சேர்த்து உள்ளே தள்ளியது. பிரிட்டிஷ் தூதரக அதிகாரி வேண்டாவெறுப்பாக வந்து மீட்டார். அதுவரை நோரா, பாஷை தெரியாத ஊரில், அதே பூங்காவில் தனியாகக் காத்திருந்தார்.

ஜாய்ஸின் வாழ்க்கையைச் சொல்பவர்கள் இதை ஒரு வேடிக்கைச் சம்பவமாகச் சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வேலை இல்லை, தங்க இடமில்லை. அந்நிய ஊரில் காதில் விழுந்த பழகிய பேச்சு அவரை இழுத்திருக்கிறது. வெளிநாட்டில் பிழைக்கப்போன யாருக்கும் அந்த இழுப்பு புரியும். நோராவின் பொறுமையைப் பற்றி இன்னும் நிறைய எழுதியிருக்க வேண்டும் என்பதும் என் ஆதங்கம்.

ட்ரியஸ்டேயிலும் வேலை கிடைக்கவில்லை. கடற்படைத் தளமான போலாவுக்கு அனுப்பினார்கள். வாரத்துக்கு 16 மணி நேரப் பாடம், இரண்டு பவுண்டு சம்பளம். மாணவர்களில் பெரும்பாலோர் கடற்படை அதிகாரிகள். 1905இல் ட்ரியஸ்டேக்கே திரும்பி வந்தவர், முதல் உலகப்போர் துரத்தும் வரை பெரும்பாலும் அங்கேதான் இருந்தார். இரண்டு குழந்தைகளும் அங்கேதான் பிறந்தன. பின்னாளில் இத்தாலோ ஸ்வேவோ என்று புகழ்பெற்ற எழுத்தாளரும் அவரிடம் ஆங்கிலம் படித்தார். ஸ்வேவோவின் மனைவி வீட்டாரின் தொழில், கப்பலின் அடிப்பாகத்துக்குப் பூசும் பெயின்ட் தயாரிப்பது.

1922இல் வெளிவந்த ஜாய்ஸின் 'யுலிசிஸ்' நாவலின் 16ஆவது அத்தியாயத்தில் மறுபடியும் ஒரு வாத்தியாரும் ஒரு மாலுமியும் சந்திக்கிறார்கள். காலையில் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திய ஸ்டீஃபன், நள்ளிரவுக்குப் பிறகு நாவலின் நாயகன் ப்ளூமோடு வண்டிக்காரர்கள் ஒதுங்கும் ஒரு காபிக்கடையில் உட்கார்ந்திருக்கிறான். எதிரே மர்ஃபி என்ற மாலுமி. செங்கல் ஏற்றிவந்த மூன்று பாய்மரக் கப்பலிலிருந்து இறங்கியவன். மனைவியைப் பார்த்து ஏழு வருஷம் ஆகிறது என்கிறான். சட்டையைத் திறந்து மார்பில் பச்சை குத்தியதைக் காட்டுகிறான்: நங்கூரம், 16 என்ற எண், ஓர் இளைஞனின் முகம். விரலால் தோலை இழுத்தால் முகம் சுளித்திருந்த இளைஞன் சிரிக்கிறான். நண்பன் ஒருவன் அனுப்பியதென்று ஒரு பொலிவியப் படத் தபாலட்டையை எல்லோரிடமும் நீட்டுகிறான். அதில் எழுதியிருப்பது வேறு யாருடைய பெயரோ என்பதை ப்ளூம் மட்டும் கவனிக்கிறான். முதுகில் கத்திக் குத்து வாங்கி ஒருவன் சாவதைக் கண்ணால் பார்த்ததாகவும் மர்ஃபி சொல்கிறான். எந்த ஊரில்? ட்ரியஸ்டேயில்.

ஊரின் பெயர் அங்கே தற்செயலாக வந்து விழுந்தது என்று நான் நம்பவில்லை. மர்ஃபி சொல்வதில் பாதி புளுகு என்பது வாசகனுக்குத் தெரியும். ஆனாலும் ஜாய்ஸ் அவனை அடக்காமல் பேசவிடுகிறார்.

'யுலிசிஸ்' புரியாது என்று பயந்து எடுக்காமலே இருப்பவர்கள் நம்மில் ஏராளம். முதல் பக்கத்திலிருந்துதான் தொடங்கவேண்டும் என்று சட்டமில்லை. இந்த 16ஆவது அத்தியாயத்திலிருந்து தொடங்கிப் பாருங்கள்.