குண்டுக்கு விலாசம் தெரியாது

1944 ஜூன் மாதம் லண்டன் மீது ஜெர்மனியின் வி-1 பறக்கும் குண்டுகள் விழத் தொடங்கின. விமானி இல்லாத சிறு விமானங்கள் அவை. வடக்கு பிரான்ஸிலிருந்து ஏவப்படும். மூக்கில் பொருத்திய சிறு காற்றாடி சுற்றச் சுற்ற, பறந்த தூரத்தை ஒரு கருவி எண்ணிக்கொண்டே வரும். முன்கூட்டிக் குறித்த எண்ணிக்கை வந்ததும் குண்டு தலைகுப்புறக் கீழே பாயும். சில பகுதிகளில் அடுத்தடுத்து விழுந்தன, சில பகுதிகள் தப்பின. குண்டுகள் கொத்துக் கொத்தாக விழுகின்றன என்ற பேச்சு நகரெங்கும் பரவியது. அது உண்மைதானா என்று 1946இல் ஆர்.டி. கிளார்க் என்ற காப்பீட்டுத் துறைப் புள்ளியியலாளர் சோதித்தார். தெற்கு லண்டனில் 144 சதுர கிலோமீட்டர் பரப்பை 576 சம கட்டங்களாகப் பிரித்தார். அங்கே விழுந்தவை 537 குண்டுகள். இலக்கு எதுவுமின்றி இறைத்திருந்தால், பிரெஞ்சுக் கணிதவியலாளர் பாய்சானின் சூத்திரப்படி சுமார் 227 கட்டங்கள் தப்பியிருக்க வேண்டும். 211 கட்டங்களில் ஒரு குண்டும், 99 கட்டங்களில் இரண்டும் விழுந்திருக்க வேண்டும். உண்மையில் தப்பியவை 229. ஒரு குண்டு விழுந்தவை 211, இரண்டு விழுந்தவை 93. சூத்திரத்துக்கும் நடந்ததற்கும் இவ்வளவு நெருக்கம் இருந்ததால், கொத்துகளுக்குத் தனியாக விளக்கம் தேவைப்படவில்லை. இலக்கில்லாமல் இறைத்தாலும் சில இடங்களில் குவியத்தான் செய்யும்.

அந்த 537 குண்டுகளில் காரணமின்றி விழுந்தது ஒன்றுகூட இல்லை. காற்றின் வேகமும், கருவியின் சிறு பிழையும், ஏவிய திசையில் நேர்ந்த இம்மியளவு விலகலும் சேர்ந்துதான் ஒவ்வொன்றும் விழும் இடத்தை முடிவு செய்தன. அனுப்பியவர்களுக்கு நோக்கமும் இருந்தது. ஆனால் அது லண்டன் என்ற நகரத்தோடு நின்றுவிட்டது. எந்தத் தெரு, எந்த வீடு என்பது யார் மனத்திலும் இல்லை. வாழ்க்கையில் எல்லாம் ஒரு காரணத்தோடுதான் நடக்கிறது என்று சொல்பவர்கள், காற்றின் வேகம் போன்ற காரணங்களை மனத்தில் வைத்துச் சொல்வதில்லை. இது எனக்கென்றே வந்தது, எதையோ உணர்த்தவோ எதற்கோ தண்டிக்கவோ வந்தது என்கிறார்கள். தற்செயல் என்று எதுவுமே கிடையாது, காரணம் தெரியாதபோதுதான் அப்படிச் சொல்கிறோம் என்று சிலர் மறுக்கலாம். அணுக்களின் உலகில் அந்த வாதம் எடுபடுமா என்பது வேறு விவாதம். அதை அப்படியே ஒப்புக்கொண்டாலும், முழுச் சங்கிலியையும் கண்ணி கண்ணியாகப் பிரித்துப் பார்த்தால் காற்றும் கருவியும் இருக்கும்; அடிபட்டவரின் பாவ புண்ணியம் எந்தக் கண்ணியிலும் இருக்காது.

பிறகு ஏன் நம் மனம் விடாமல் நோக்கத்தைத் தேடுகிறது? 1948இல் அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னர் பசித்த புறாக்களைக் கூண்டில் அடைத்து, அவை என்ன செய்தாலும் செய்யாவிட்டாலும் குறித்த இடைவெளியில் தானியம் கிடைக்கும்படி செய்தார். 8 புறாக்களில் 6, தங்களுக்கென ஒரு சடங்கை உருவாக்கிக்கொண்டன. ஒன்று கூண்டைச் சுற்றிச் சுற்றி வந்தது. இன்னொன்று மேல் மூலையில் தலையை முட்டியது. தானியம் வந்தபோது எதைச் செய்துகொண்டிருந்ததோ, அதுதான் தானியத்தை வரவழைத்தது என்பதுபோல அவை நடந்துகொண்டன. மனிதர்களிடம் இது இன்னும் ஆழமாக இருக்கிறது. பாறைகள் ஏன் கூராக இருக்கின்றன என்று உளவியலாளர் டெபோரா கெலமன் அமெரிக்கக் குழந்தைகளிடம் கேட்டபோது, மண்ணும் கல்லும் காலப்போக்கில் படிந்ததால் என்ற விளக்கத்தைவிட, விலங்குகள் அரிப்பெடுத்தால் சொறிந்துகொள்ள என்பது போன்ற விளக்கங்களையே அவர்கள் பெரிதும் விரும்பினார்கள். காரணம் தேடும் பழக்கம்தான் நமக்குத் தீயையும் விவசாயத்தையும் மருத்துவத்தையும் தந்தது. ஆனால் எங்கே நிறுத்த வேண்டும் என்று அந்தப் பழக்கத்துக்குத் தெரியாது.

அது நிற்காமல் போவதன் வலி புற்றுநோய் மருத்துவமனைகளில்தான் அதிகம் தெரிகிறது. கெட்ட பழக்கம் ஏதும் இல்லை, யாருக்கும் தீங்கு செய்ததில்லை, எனக்கு ஏன் வந்தது என்று நோயாளி கேட்கிறார். ஒரு செல் இரண்டாகப் பிளக்கும்போதெல்லாம் டி.என்.ஏ.வின் பல நூறு கோடி எழுத்துகளையும் படியெடுக்க வேண்டும். பிழைதிருத்தும் புரதங்கள் உண்டு; இருந்தும் ஒவ்வொரு பிளவிலும் ஏறக்குறைய 3 பிழைகள் தங்கிவிடுகின்றன. பெரும்பாலானவை தீங்கற்றவை. எப்போதாவது ஒன்று, செல் பெருக்கத்தைக் கட்டுப்படுத்தும் மரபணுவில் விழுகிறது. நம் குடலையே பாருங்கள். சிறுகுடல் பெருங்குடலைவிடப் பல மடங்கு நீளம். உண்ட உணவு இரண்டின் வழியாகவும்தான் போகிறது. பெற்றோர் தந்த மரபணுக்களும் இரண்டிலும் ஒன்றே. ஆனால் புற்றுநோய் பெருங்குடலில் அதிகம், சிறுகுடலில் மிக அரிது. பெருங்குடலின் மூலச் செல்கள் அதிகத் தடவை பிளப்பதை இதற்கு முக்கிய விளக்கமாக ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் தோமசெட்டியும் வோகல்ஸ்டைனும் 2015இல் முன்வைத்தார்கள். புற்றுநோய்களில் காணும் மரபணு மாற்றங்களில் சுமார் 66 சதவீதம் இத்தகைய படியெடுப்புப் பிழைகள் என்று 2017இல் கணக்கிட்டார்கள்.

இந்த ஆய்வுக்குக் கடும் எதிர்ப்பு வந்தது. எல்லாம் துரதிர்ஷ்டம் என்றால் மக்கள் புகையிலையை ஏன் விட வேண்டும் என்று கேட்டார்கள். நியாயமான கவலைதான், ஆனால் கணக்கு அப்படிச் சொல்லவில்லை. ஒரு புற்றுநோய் உருவாகப் பெரும்பாலும் பல மாற்றங்கள் ஒரே செல்லில் சேர வேண்டும். அவற்றில் ஒன்றைப் புகையிலை தந்திருந்தால், அந்த நபர் புகைக்காமல் இருந்திருந்தால் நோயே வராமல் போயிருக்கலாம். புற்றுநோய்களில் 30 முதல் 50 சதவீதம் வரை தடுக்கக்கூடியவை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குப் பின்னால் ஒரு வைரஸ் இருப்பதைக் கண்டறிந்த ஹரால்ட் சுர் ஹவுசனுக்கு 2008இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த வைரஸைத் தடுக்கும் ஊசி இன்று பெண்களைக் காக்கிறது. தலையெழுத்து என்று விட்டிருந்தால் அந்த ஊசி வந்திருக்காது. நோய் எப்படி வருகிறது என்ற கேள்விக்கு விடை உண்டு, அந்த விடை உயிர் காக்கும். எனக்கு மட்டும் எதற்காக வந்தது என்ற கேள்வி, பல நேரங்களில், விடையே இல்லாத ஒன்றைத் தேடி மனிதரை வதைக்கிறது.

எல்லாம் ஒரு காரணத்தோடுதான் நடக்கிறது என்ற நம்பிக்கை ஆறுதல் தருகிறதே, அதை ஏன் பறிக்க வேண்டும் என்பது நான் மிகவும் மதிக்கும் கேள்வி. பெருந்துயரைக் கடந்து வந்தவர் ஒருவர், அதனால் தன் வாழ்க்கைக்கு ஒரு பொருள் கிடைத்தது என்று சொன்னால் அது உண்மையாகவே இருக்கலாம். அந்தப் பொருளை உண்டாக்கியவர் அவர்தான். பெருமையும் அவருக்கே சேர வேண்டும், துயரத்துக்கு அல்ல. ஆனால் இந்த ஆறுதலுக்கு அடுத்தவர் கொடுக்கும் விலை ஒன்று இருக்கிறது. 1966இல் மெல்வின் லெர்னரும் கரோலின் சிம்மன்ஸும் வெளியிட்ட ஆய்வில், ஒரு பெண் மின்னதிர்ச்சி வாங்குவதை மாணவியர் பார்த்தார்கள். அது நடிப்பு என்று அவர்களுக்குத் தெரியாது. அவளுக்கு உதவ வழியில்லாதவர்கள், அவளையே மட்டமாக மதிப்பிடத் தொடங்கினார்கள். அதிர்ச்சியை நிறுத்தும் வாய்ப்புக் கிடைத்தவர்களிடம் அந்த இழிவு பெரிதும் குறைந்தது. உலகம் நியாயமாகத்தான் நடக்கிறது என்று நம்ப விரும்பும் மனம், துன்பப்படுபவர் அதற்குத் தகுதியானவர்தான் என்று முடிவு கட்டிவிடுகிறது. நோயுற்ற குழந்தையின் தாயிடம் முற்பிறவிப் பாவம் என்று சொல்வதும், கணவனை இழந்தவளை ராசியில்லாதவள் என்று ஒதுக்குவதும் இதே மனம்தான்.

ஆகவே தற்செயலை ஒப்புக்கொள்வது வாழ்க்கையை வெறுமையாக்குவதில்லை. பழியைச் சுமக்கத் தேவையில்லாதவர் தோளிலிருந்து அதை இறக்கி வைக்கிறது. கூடவே நமக்கு ஒரு கடமையையும் தருகிறது. துன்பம் ஆளுக்கு ஆள் அளந்து வருமானால், அதைத் தனியாகச் சுமக்க விடுவதற்கு ஒரு சாக்காவது கிடைக்கும். ஆள் பார்க்காமல் வருகிறது என்றால் அந்தச் சாக்கும் இல்லை. யாருக்கும் நேரலாம் என்பதால்தான் எல்லோருக்கும் மருத்துவக் காப்பீடு வேண்டும், ஆரம்பத்திலேயே கண்டறியும் பரிசோதனை சிற்றூர்வரை போக வேண்டும், சிகிச்சைக்கு வருபவரிடம் என்ன தப்பு செய்தாய் என்று கேட்பதை நாம் நிறுத்த வேண்டும்.