சளி பிடிச்சிருக்கா? மிளகு ரசம் போதும்... கண்ட சிரப்பை வாங்காதீங்க!

சென்னை: ஐப்பசி, கார்த்திகை வந்தாலே வீட்டுக்கு வீடு தும்மல் சத்தம்தான். ஒருத்தருக்கு சளி பிடிச்சா நாலே நாள்ல வீடு முழுக்க மூக்கை உறிஞ்சும். வேலைக்குப் போகலேன்னா ஒரு நாள் கூலி போச்சு. அதனால் பலரும் நேராக மெடிக்கல் ஷாப்புக்குப் போய், "சளிக்கு மாத்திரை குடுங்க" என்று கேட்டு வாங்கிப் போடுகிறார்கள்.

அப்படிப் போடும் ஆன்டிபயாடிக் மாத்திரையால் சாதாரண சளிக்கு ஒரு பலனும் இல்லை. காரணம், சளியைக் கொண்டு வருவது வைரஸ். ஆன்டிபயாடிக் பாக்டீரியாவைத்தான் கொல்லும், வைரஸை ஒன்றும் செய்யாது. சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ வந்தாலும் அதை வைத்து மட்டும் ஆன்டிபயாடிக் போடக் கூடாது. பெரும்பாலும் 7 முதல் 10 நாளில் சளி தானாகவே போய்விடும். அதுவரை அவஸ்தையைக் குறைக்கத்தான் கை வைத்தியம்.

எது நல்லது?

மிளகு ரசம்: ஒரு ஸ்பூன் மிளகு, ஒரு ஸ்பூன் சீரகம், 5 பல் பூண்டு மூன்றையும் தட்டி, புளித்தண்ணியில் போட்டு, நுரை கட்டியதும் இறக்கி விடுங்கள். சூடாகக் குடித்தால் மூக்கடைப்பு விடும், தொண்டைக்கு இதமாக இருக்கும். வாய் கசந்து சோறு இறங்காதவர்களுக்கும் இது கைகொடுக்கும். நாட்டுக்கோழி சூப், நண்டு ரசமும் இதே கணக்குதான்.

சுக்கு மல்லி காபி: சுக்கு, மல்லி விதை, மிளகு தட்டிப் போட்டு கருப்பட்டி சேர்த்துக் கொதிக்க வைத்தது. சர்க்கரை வியாதிக்காரர்கள் கருப்பட்டி, தேன் இரண்டையும் குறைத்துக்கொள்ள வேண்டும். இரண்டுமே சர்க்கரையை ஏற்றும்.

உப்புத் தண்ணீர்: ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை ஸ்பூன் உப்பு போட்டு, தினம் 3, 4 தடவை கொப்பளித்தால் தொண்டை வலி குறையும். செலவே இல்லாத மருந்து.

தேன்: ராத்திரி இருமல் தூங்க விடலேன்னா படுக்கும் முன் ஒரு ஸ்பூன் தேன் சாப்பிடலாம். ஆனால் ஒரு வயசு ஆகாத குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது. நாக்கில் தொட்டு வைப்பதும் ஆபத்து.

இதெல்லாம் வைரஸைக் கொல்லாது. உடம்புக்குக் கொஞ்சம் சுகம் தரும், அவ்வளவுதான். பழம் சாப்பிட்டால் சளி கூடும் என்று பயப்பட வேண்டாம். கொய்யா, சாத்துக்குடி தாராளமாகச் சாப்பிடலாம்.

எது ஆபத்து?

ஆவி பிடிப்பது பெரியவர்களோடு நிற்கட்டும். குழந்தையைப் போர்வைக்குள் உட்கார வைத்து, கொதிக்கிற பாத்திரத்தை முன்னால் வைப்பது வேண்டாம். பாத்திரம் கவிழ்ந்தால் வெந்து போகும்.

எண்ணெயில் கற்பூரம் காய்ச்சிக் கைக்குழந்தை நெஞ்சில் தடவுவது நம் ஊர்ப் பழக்கம். இதையும் விட்டுவிடுங்கள். கற்பூரம் குழந்தை உடம்பில் ஏறினால் வலிப்பு வரும். மூக்கில் எண்ணெய் விட்டால் அது நுரையீரலுக்குள் போய்விடும். மூக்கடைத்த குழந்தைக்கு டாக்டரைக் கேட்டு உப்புநீர் சொட்டு மருந்து விட்டாலே போதும்.

எல்லாவற்றையும் விட முக்கியம் சிரப் விஷயம். 2025ல் மத்தியப் பிரதேசத்தில் இருமல் சிரப் குடித்த 20க்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். 'கோல்ட்ரிப்' என்ற அந்த சிரப் தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில்தான். அதில் டைஎத்திலீன் கிளைகால் என்ற விஷ ரசாயனம் இருந்தது சோதனையில் தெரிந்தது. தமிழக அரசு அதன் விற்பனையை நிறுத்தியது.

அப்போதே மத்திய சுகாதாரத்துறை, 2 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு சளி, இருமல் மருந்து கொடுக்கக் கூடாது என்று அறிவுறுத்தியது. 5 வயதுக்குள் பொதுவாகவே இந்த மருந்துகள் தேவையில்லை என்றும் சொன்னது. ஆகவே மூத்த பிள்ளைக்கு வாங்கி மிச்சம் இருந்த பாட்டிலை எடுத்துச் சின்னதுக்கு ஊற்றும் வேலையே வேண்டாம்.

எப்போது ஆஸ்பத்திரி?

காய்ச்சல் 3 நாளைத் தாண்டினால் கை வைத்தியத்தை நம்பி உட்காரக் கூடாது. மழைக்காலத்தில் அது டெங்குவாகவும் இருக்கலாம்.

குழந்தை அமைதியாக இருக்கும்போது சட்டையைத் தூக்கி, ஒரு நிமிடம் மூச்சை எண்ணிப் பாருங்கள். 2 மாதத்துக்குள் என்றால் 60, 2 மாதம் முதல் ஒரு வயது வரை 50, ஒரு வயதுக்கு மேல் 5 வயது வரை 40. இந்த எண்ணிக்கையைத் தொட்டாலோ தாண்டினாலோ நிமோனியாவாக இருக்கலாம். மூச்சு இழுக்கும்போது நெஞ்சு உள்ளே ஒடுங்கினாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். உடனே 108க்கு போன் போடுங்க. பெரியவர்களும் மூச்சு வாங்கினால், நெஞ்சு வலித்தால் அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவது நல்லது.

சளி பரவுவது பெரும்பாலும் கையாலும் தும்மலாலும்தான். மூக்கைச் சிந்தியதும் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள். தும்மும்போது கைக்குட்டையோ முழங்கை மடிப்போ வைத்து மூடுங்கள். ஒருத்தர் துடைத்த துண்டை இன்னொருத்தர் எடுக்காமல் இருந்தாலே வீட்டில் பாதிப் பேர் தப்பிக்கலாம்.